வெற்றுப் படம்

அறுநூறு மீட்டர் ஆழத்திலும் அது இருந்தது.

வலது ஓரம், கீழே. பாதி நகம்போல.

அவள் முந்தைய படங்களுக்குப் போனாள். ஐந்நூறு மீட்டர். அதே ஓரம். முந்நூறு. அதே ஓரம். கேமரா தண்ணீரைத் தொட்டதும் எடுத்த முதல் படம். அதிலும்.

கடலுக்குள் எது ஒரே இடத்தில் நிற்கும்?

பெரிதாக்கினாள். வளையம் வளையமாக மெல்லிய கோடுகள்.

மத்தி மீனின் செதில்.

கடற்கரையில் பிறந்தவள். இதை அவளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

கடலுக்குள்ளும் பனி பெய்யும், கண்ணுகளா. மேலே வெயிலைக் குடித்து வளர்கிற நுண்ணுயிர்கள் செத்தும், எச்சமாகியும், துகள் துகளாகக் கீழே இறங்கும். நாம் காற்றில் விட்ட புகையின் கரி அந்தத் துகளுக்குள் இருக்கிறது. அடியாழம் போய்ச் சேர்ந்துவிட்டால் பல தலைமுறைக்கு மேலே வராது. பாதி வழியில் ஏதாவது தின்றுவிட்டால் மறுபடியும் காற்றுக்கே. அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பனியைப் படம் பிடிப்பது அவள் வேலை. எதிரெதிரே இரண்டு கண்ணாடி, நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் வருவதைக் கேமரா எடுக்கும். கணினி எண்ணும்.

ஒரு நிறுவனம் கடலில் இரும்புத் தூளைக் கொட்டிப் பார்த்திருந்தது. பாசி மண்டியது. அதன் கரி கீழே இறங்கியதா? அதைப் பார்க்கத்தான் இந்தக் கப்பல். இறங்கியது என்றால் அடுத்த மாதம் கப்பல் கப்பலாகக் கொட்டுவார்கள்.

அவள் அண்ணன் வலை போடுகிற கடலில்.

செதிலைக் கழித்துவிட்டுப் பார்த்தாள். முந்நூறுக்குக் கீழே படங்கள் காலி. ஒன்றுமே இறங்கவில்லை. எல்லாம் மேலேயே தின்று தீர்ந்திருந்தது.

கணினி செதிலை எண்ணியிருந்தது. படத்துக்குப் படம். பெரிய துகள், நிறையக் கரி.

கேமராவை இறக்குமுன் மேல்தளத்திலேயே, வெறும் காற்றில், ஒரு படம் எடுக்கவேண்டும். வெற்றுப் படம் என்பார்கள். கண்ணாடியில் அழுக்கிருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று காலை அலை தூக்கி அடித்தது. வாந்தி. அவள் எடுக்கவில்லை.

அவளுக்குக் கோபம் முதலில் தன்மேல்தான் வந்தது.

*

கேமராவைக் கயிற்றில் இறக்குகிற வின்ச்சை ஓட்டும் பெர்க்மான்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா. கேமரா பக்கத்துல உக்காந்து மீனு ஒரசுனேன். நெழலு அங்கதான கெடந்துச்சு."

"ஏண்ணே, இவ்வளவு பெரிய கப்பல்ல வேற இடமே இல்லையா?"

"காலையில வாந்தி எடுத்தவ மத்தியானம் ரெண்டு தட்டு சாப்ட்டியே. அந்த மீனுதான் தாயி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்காகவும் எரிச்சல் வந்தது.

*

தலைமை விஞ்ஞானி தணிகாசலம் படங்களைப் பார்த்தார். முழுதாகப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

"ஒரு செதில்தானேம்மா. இருந்துட்டுப் போகட்டும். அறிக்கை தயார். உன் கையெழுத்துதான் பாக்கி."

"இன்னொரு தடவை இறக்கிடலாம் சார். ஒரே நாள்."

"நீ வெற்றுப் படம் எடுக்க மறந்ததை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கும் பொண்ணு இருக்கா."

தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அறைந்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

அவள் அறைக்குப் போய்த் தோளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இரண்டு முறை.

*

துறைமுகம். பத்து மணி வெயில்.

நிறுவனத்து விருந்தாளிகள் ஆரஞ்சு நிற மிதவை உடுப்பில், கையில் இளநீரோடு, மேல்தளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேமரா எடுப்பதை அங்கேயே காட்ட எதிரே பெரிய திரை. ஓரத்து மேசையில் அறிக்கை. படம் எடுத்தவர் என்று அச்சிட்டு, கீழே அவள் பெயர். அதன்மேல் கொஞ்சம் வெற்றிடம். பக்கத்தில் பேனா.

கேமரா வின்ச் கயிற்றில் தொங்கியது.

பெர்க்மான்ஸ் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக வந்து காதோரம் கேட்டார்.

"செதிலத் தொடச்சிரட்டா?"

"தொடாதீங்கண்ணே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பஞ்சைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தணிகாசலம் மைக்கில் பேசினார். கடல் என்றார். நம் பிள்ளைகளின் எதிர்காலம் என்றார். கடைசியில் திரும்பி, சிரித்து, "இறக்கும்மா" என்றார்.

"முதல்ல வெற்றுப் படம் சார். அதை மறக்கக் கூடாதில்ல?"

சுவிட்சைப் போட்டாள்.

திரை முழுக்க வெளிச்சம். வலது ஓரம், கீழே, பாதி நகம்.

அதன் அடியில் எழுத்து ஓடியது.

இறங்கும் துகள்: ஒன்று.

இரண்டு.

மூன்று.

முன்வரிசையில் ஓர் அம்மாள் இளநீர்க் குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னும் தண்ணிக்குள்ளயே விடலையே?"

பெர்க்மான்ஸ் வின்ச் கைப்பிடியை விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பதினேழு.

பதினெட்டு.

தணிகாசலம் மைக்கை மேசையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியைத் தேடினார்.

அவள் மேசைப் பக்கம் போனாள். பேனாவைத் தாண்டி, மைக்குக்குக் கை நீட்டினாள்.