கயிற்றின் கனம்

குளிர்காலத்தில் அந்த மலைக் கிராமத்துக்கு உறைந்த ஆறுதான் சாலை. தை மாதத்தில் யாக் மாடுகளே பயமில்லாமல் நடந்து போகும் பனிக்கட்டி, பங்குனி வெயிலில் இளகி இன்று ரிக்ஸினின் காலடியில் 'கிர்ர்' என்று முனகியது. பின்னால், சறுக்குப் பலகையில் பிரசவ வலியோடு அவன் மனைவி டோல்கர் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரி அக்கரையில்.

"பக்கத்துல நிக்காதீங்க. மூணு பேர் கனத்தை ஒரே இடத்துல வெச்சா தாங்குமா? முன்னால போய் இழுங்க."

"உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"தடியால தட்டிக்கிட்டே வர்றேன். 'டொக்'னு கேட்டா பனி கெட்டி, 'சளக்'னு கேட்டா இளகிடுச்சு. எதுன்னாலும் நிக்காதீங்க, நின்னா உடையும். திரும்பித் திரும்பிப் பார்க்க நான் என்ன புதுப்பொண்ணா?"

வலியிலும் கிண்டல் போகவில்லை. ரிக்ஸின் இடுப்புத் துணியை அவிழ்த்துப் பலகையை இழுக்கும் கயிற்றோடு முடிந்து நீளமாக்கினான். தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

டொக். டொக். பாதி ஆறு கடந்தாயிற்று. டொக். கரைப் பாறை கண்ணில் பட்டது.

சளக்.

"டோல்கர்!"

பதில் இல்லை. தட்டும் ஓசையும் நின்றுவிட்டது. தோளில் கயிறு மட்டும் முன்னைவிடக் கனத்தது. கழுத்து திரும்பத் துடித்தது.

ரிக்ஸின் திரும்பவில்லை. இழுத்தான்.