மார்ச் மாத மறதி

பழந்துப்பாக்கிகள் விற்கிற சந்தையில், க்ளீடஸ் ரோடர் டோனட்டை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை வெல்டா அம்மாள் பக்கம் தள்ளினார்.

"இதோட என் கடை மூடியாச்சு," என்றார் வெல்டா. "மக அரிசோனாவுக்கே வந்துடுங்குறா. வீட்டையும் வித்தாச்சு. அடுத்த மார்ச்சுல இந்த மேசையில வேற யாரோ உக்காந்திருப்பாங்க."

க்ளீடஸ் மென்றுகொண்டே இருந்தார். வாயில் இருந்தது தீர்ந்து வெகு நேரமாகியும் மென்றார்.

இருவரிடமும் ஆளுக்கொரு ரிவால்வர் இருந்தது. குதிரைப்படைக்காக ஒரே தொழிற்சாலையில், ஒரே கோடையில் செய்தவை. இருபது வருடம் கழித்து, நீண்ட குழலைக் குறைத்துத் தரச்சொல்லி அரசாங்கம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது. பட்டறையில் கழற்றிக் குவியலாகப் போட்டார்கள். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு பாகத்திலும் பொறித்திருந்த துப்பாக்கி எண்ணைப் பார்க்க யாருக்குப் பொறுமை? கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டி அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள்மேல் க்ளீடஸுக்குக் கோபம் இல்லை. அவரும் வார்ப்புப் பட்டறையில் ஆயுசெல்லாம் அச்சுக்கு மணல் இடித்தவர்தான். சங்கு ஊதுகிற நேரத்தில் ஆள் எப்படி வேலை பார்ப்பான் என்று தெரியும்.

ஆறு குண்டு போடுகிற உருளை இருக்கிறதே, அதுதான் மாறிப் போயிருந்தது. க்ளீடஸுடைய துப்பாக்கியின் உருளை வெல்டாவுடையதில் போய் உட்கார்ந்துவிட்டது. வெல்டாவுடையது இவருடையதில்.

எண் எண்ணாகத் தேடி அலைந்து, சேகரிப்பாளர் பத்திரிகையில் விளம்பரம் போட்டு ஓய்ந்திருந்த க்ளீடஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

"உங்க உருளை என்கிட்ட பத்திரமா இருக்கு. என்னோடத நல்லா பாத்துக்கறீங்களா?"

இண்டியானாவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றிருந்த வெல்டாவின் குரலை அவர் முதலில் கேட்டது அப்படித்தான்.

மாற்றிக்கொண்டால் முடிந்தது. ஒரு திருகாணியைத் தளர்த்தி அச்சை உருவினால் உருளை கையில் வந்துவிடும். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. நூறு வருடத்துக்கு மேல் பிரிந்து கிடந்தவை சேர்ந்துவிடும். சேகரிக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பேறு இல்லை.

ஆனால் ஒஹையோவில் இந்தச் சந்தை கூடுகிற ஒவ்வொரு மார்ச்சிலும் யாராவது ஒருவர் துப்பாக்கியை மறந்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். ஒரு வருடம் இவர். மறு வருடம் அவர். தபாலில் அனுப்பிக்கொள்ளலாமே என்று ஒருவன் யோசனை சொல்லப்போக, தொலைந்தால் நீயா பொறுப்பு என்று இருவரும் ஒரே மூச்சில் அவன்மேல் பாய்ந்தார்கள்.

இன்று விட்டால் இனி இல்லை.

"கொண்டுவந்தீங்களா?" வெல்டா கேட்டார். கண் டோனட் மேல் இருந்தது.

"எடுத்து வெச்சேன்," என்றார் க்ளீடஸ். "கிளம்புற அவசரத்துல சாப்பாட்டு மேசை மேலயே..."

"நல்லதாப் போச்சு. மூட்டை கட்டுறப்ப என்னோடத எந்தப் பெட்டியில போட்டேன்னே எனக்கும் தெரியல."

பக்கத்து மேசையில் தோலுறை விற்கிறவன் வாய்விட்டுச் சிரித்தான். "எந்த வருஷம் செஞ்சது, எவன் சோதிச்சு முத்திரை குத்தினான்னு தலைகீழா ஒப்பிக்கத் தெரியுது. சொந்தத் துப்பாக்கிய எங்க வெச்சோம்னு தெரியல. நீங்க சேத்து வெக்கிறதுக்குள்ள அதுங்க துருப்பிடிச்சு மண்ணாயிடும்."

"உன் தோலுறைய விட நாள் தாங்கும், போ," என்றார் வெல்டா.

அவன் அடங்கினான்.

"அரிசோனாவுலயும் சந்தை கூடுதாம்," வெல்டா மெல்லச் சொன்னார். "குளிர்காலத்துல."

"அவ்வளவு தூரம் என் வண்டி தாங்காது."

"ஆமாமா. பாவம், வண்டி."

மணி அடித்தது. ஆட்கள் மேசை விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தார்கள். வெல்டா கை கொடுத்தார். வருடக்கணக்காகப் பேருந்தைத் திருப்பிய கையில் காய்ப்பு இன்னும் இருந்தது. க்ளீடஸுடையதிலும் இருந்தது. யாருடைய தள்ளுவண்டியோ வழி கேட்ட பிறகுதான் இரண்டும் பிரிந்தன.

வெல்டா போன பின்னும் காலி மேசையருகே கொஞ்ச நேரம் நின்றார் க்ளீடஸ். சிந்தியிருந்த சர்க்கரையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

வாசல் காவலுக்கு நிற்கிறவன் மெர்ல். உள்ளே வருகிற துப்பாக்கி பழசோ புதுசோ, அவனிடம் காட்டி, சுட முடியாதபடி ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். திரும்பும்போது அவனே வெட்டிவிடுவான். அது இந்தச் சந்தையின் சட்டம்.

க்ளீடஸ் தோள்பையைத் திறந்து, துணி சுற்றிய ரிவால்வரை எடுத்து நீட்டினார்.

மெர்ல் பட்டையை வெட்டினான். "காலைல நான் சுத்திக் குடுத்த துணி அப்படியே இருக்கு. இந்த வருஷமும் வெளிய எடுக்கலபோல, பெருசு."

க்ளீடஸ் துணியை மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

"இப்பத்தான் அந்தம்மாவோடதுக்கும் வெட்டிவிட்டேன். பூப்போட்ட துண்டு. அதுவும் இதே கதைதான். சுத்தினபடியே வரும், சுத்தினபடியே போகும்."

துணியைச் சுற்றிக்கொண்டிருந்த க்ளீடஸின் கை நின்றது.

"எத்தனை வருஷமா?"

"நான் இந்த வாசல்ல நிக்க ஆரம்பிச்சதுல இருந்து."

க்ளீடஸ் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கோட்டுப் பொத்தான்கூடப் போடவில்லை. வண்டிகள் நிற்கிற திடலில் பனி பாதி உருகிச் சேறாகக் கிடந்தது. அந்த வயதில் யாரும் அதில் ஓடக் கூடாது.

"மெதுவா, பெருசு," மெர்ல் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "வழுக்கும். அவங்க இன்னும் வண்டிய எடுக்கல."