நிமிடம் இரண்டு லட்சம்

ஒரு நிமிடத்தின் விலை இரண்டு லட்சம். தொலைக்காட்சி நிலையத்தின் விளம்பரப் பிரிவு வைத்திருக்கும் விலை அது, பேரத்துக்கு இடமில்லை. அந்த நிமிடங்களைத்தான் பாத்திரக்கடைக்காரர் வினாடி வினா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தண்ணீராய்ச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

நேரலை நிகழ்ச்சி. எந்தக் கேள்விக்கும் அவர் சட்டென்று பதில் சொல்வதில்லை. நெற்றியைத் தேய்ப்பார், தண்ணீர் கேட்பார், கேள்வியை இன்னொரு முறை படிக்கச் சொல்வார். நேரம் முடியப்போகும் தறுவாயில்தான் பதில் வரும். வந்தால் சரியாக வரும்.

"ஜவ்வு மாதிரி இழுக்கிறாருய்யா, சீக்கிரம் முடி" என்று தயாரிப்பாளர் தொகுப்பாளரின் காதுக் கருவிக்குள் முனகினார்.

ஆளைப் பார்த்தால் அவசரப்படுத்தவும் மனம் வராது. நிலையத்தில் கொடுத்த கோட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டு, தினமும் கடையில் போடும் கட்டம்போட்ட சட்டையிலேயே வந்திருந்தார். அதுவும் இப்போது தொளதொளவென்று தொங்கியது. கடையைப் பூட்டி நாலு மாதம் ஆகிறதென்று அறிமுகத்தில் அவரே சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. கழுத்து வரைக்கும் கடன் என்று கூட்டம் தானாகவே முடிவுகட்டிக்கொண்டது.

முன்வரிசையில் அவர் மனைவி மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் கிடந்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து லட்சத்துக்கான கேள்வியில் அவர் தொலைபேசி உதவி கேட்டார். யாருக்குப் போட வேண்டும் என்றார் தொகுப்பாளர்.

"என் பையனுக்கு. என்னைவிடக் கெட்டிக்காரன்."

அரங்கமே காதைத் தீட்டிக்கொண்டது. அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் மிக மரியாதையாகச் சொன்னது.

"இன்னொரு வாட்டி போடுங்க தம்பி."

"ஒரு வாட்டிதாண்ணே. ரூல்ஸ்."

"மணியே அடிக்கலையே. சரக்கு கைக்கு வராம பில்லு மட்டும் போட்டா எப்படி?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பணத்துக்காக ஒரு மனுஷன் இப்படியா அல்லாடுவது என்று பலருக்கும் பாவமாகப் போய்விட்டது. பிறகு எந்த உதவியும் இல்லாமல் அவரே சரியான விடையைச் சொன்னார்.

அடுத்தது கடைசிக் கேள்வி, ஐம்பது லட்சம். நாலு விடைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சலுகை இதற்குக் கிடையாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கையிலிருக்கும் இருபத்தைந்தும் போய்விடும்.

இறுக்கத்தைத் தளர்த்த, இந்தப் படியில் வழுக்கியவர்களின் கதையை எடுத்துவிட்டார் தொகுப்பாளர். பேராசிரியர் ஒருவர் நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சே வராமல் இறங்கிப் போனார். வங்கி அதிகாரி ஒருவர் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அழுதுவிட்டார். இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன், சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவர்களுக்கான சிறப்பு நிகழ்ச்சியில் வந்த ஒரு பையன்.

"மனுஷ உடம்புல ரொம்ப நீளமான எலும்பு எதுன்னு கேட்டேன். தொடை எலும்புன்னு சொல்லாம முதுகெலும்புன்னான் பாருங்க, அதுவும் நெஞ்ச நிமித்திக்கிட்டு."

அந்தத் துண்டுக் காட்சி கைபேசிக்குக் கைபேசி தாவி, டீக்கடையிலிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தது. இப்போதும் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. பாத்திரக்கடைக்காரர் இன்னொரு கோப்பை தண்ணீர் கேட்டார்.

கடைசிக் கேள்வி திரையில் வந்தது. எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காமல் இருக்க, இரும்போடு முக்கியமாகச் சேர்க்கப்படும் உலோகம் எது?

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பாத்திரக்கடைக்காரருக்குப் பாத்திரக் கேள்வி. ஐம்பது லட்சத்தை மடியில் கொண்டுவந்து கொட்டின மாதிரி. குரோமியம் என்று பின்வரிசையில் யாரோ வாய்க்குள் முணுமுணுத்து, பக்கத்தில் இருந்தவரிடம் குட்டு வாங்கினார்.

இந்த முறை அவர் இழுக்கவில்லை. இத்தனை கேமராவில் எது இப்போது ஓடுகிறது என்று மட்டும் கேட்டார். சிவப்பு விளக்கு எரிவதைத் தொகுப்பாளர் காட்டினார். நாற்காலியை அதன் பக்கம் திருப்பி, தொளதொளத்த சட்டைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"முதுகெலும்பு."

அரங்கத்தில் வெடித்த சிரிப்பில் தயாரிப்பாளர் காதுக்குள் கத்தியதுகூடத் தொகுப்பாளருக்குக் கேட்கவில்லை. அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் கேட்டது உலோகம்ணே. இதுதான் கடைசிப் பதிலா?"

இதற்கு மேல் குறைக்க முடியாது என்கிற வியாபாரியைப் போல அவர் தலையாட்டினார். மணி அடித்தது. திரையில் இருந்த தொகை பூஜ்யமானது. முன்வரிசையில் மனைவி கைபேசியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, சிவப்பு விளக்கைப் பார்த்துப் பாத்திரக்கடைக்காரர் பேசினார்.

"உன்னப் பாத்து ஊரே சிரிச்சப்ப, பெத்த அப்பன் நானும் சேந்து சிரிச்சேன்டா கண்ணா. இப்ப ஊரு என்னப் பாத்தும் சிரிச்சாச்சு. வீட்டுக்கு வாடா, நீ சிரிக்கிறது ஒண்ணுதான் பாக்கி."