நாலாவது கட்டை

லைன்மேன் சபாபதி யாரையும் நம்பாதவர். கம்பத்தில் ஏறும் முன் டிரான்ஸ்பார்மரின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் தானே பிடுங்கித் தோள்பையில் போட்டுக்கொள்வார். "கட்டை எங்கிட்ட இருந்தா எவனும் சப்ளை குடுக்க முடியாது" என்பார். பிச்சாவரம் லைனில் ஒருமுறை, அவர் மனைவியின் தம்பி, பார்ப்பவரிடமெல்லாம் பீடி கேட்கும் சிங்காரம், கம்பத்தில் நிற்கும்போது எவனோ கட்டையைச் சொருகிவிட்டான். சிங்காரம் உயிரோடு இறங்கவில்லை.

இந்த மழையில் அதே கம்பத்தில் அறுந்த கம்பியைக் கட்டிவிட்டு சபாபதி இறங்கினார். பையைத் திறந்தால் நான்கு கட்டைகள். நான்காவது ஈரமாக இருந்தது. அதில் பக்கத்து இறால் பண்ணையின் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது.

பண்ணையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பண்ணையை லைனோடு இணைக்கும் ஃபியூஸ் இடம் காலி. கட்டை அங்கேயே இருந்திருந்தால் ஜெனரேட்டர் கரண்ட் பின்வழியாக லைனில் ஏறி அவரைக் கருக்கியிருக்கும்.

"எவண்டா புடுங்குனது?"

"உங்க ஆளுதாண்ணே" என்றான் வாட்ச்மேன் கதிர்வேல். "'எங்க மாமா கம்பத்துல நிக்கிறாரு, அவுரு யாரையும் நம்ப மாட்டாரு, நாமதான் பாத்துக்கணும்'னு சிரிச்சிக்கினே புடுங்கிட்டுப் போனாரு."

"பீடி கேட்டிருப்பானே."

"கேட்டாரு. குடுத்தேன்."

அடுத்த வேலைக்குப் போனபோதும் சபாபதி மூன்று கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டார். கம்பத்தடிக்கு வந்து பையைத் திறந்து பார்த்தார். மூன்றுதான் இருந்தன. அவர் ஏறவில்லை. கீழேயே உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.