புகுந்த வீடு

"அந்த ஆமை உள்ள வந்த நேரம்தான் மிக்ஸி புகைஞ்சுபோச்சு" என்றார் மாமியார். எனக்குக் கல்யாணமான வாரம் தண்ணி மோட்டார் எரிந்தபோது என்னையும் இதையேதான் சொன்னார். இந்த முறை பழைய கட்டில் சட்டங்களையும் கம்பிவலையையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் நாலு நாள் ஆணி அடித்தேன். ஒவ்வொரு அடியும் பூஜையறைவரை கேட்டிருக்கும்.

ஐந்தாம் நாள் காபி டம்ளரோடு மேலே வந்த கணவர் கூண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"உள்ளங்கை அளவு ஆமைக்கு ஆள் உயரக் கூண்டா, எழிலரசி? தாழ்ப்பாளை வேற உள்பக்கம் வச்சிருக்க. அது எப்படிப் போடும்?"

ஆமையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"இப்படி" என்றேன்.