முதல் கைதட்டல்

இன்ஸ்பெக்டரின் வாயில் சிகரெட் இல்லை.

அது இருந்த இடத்தில் மங்கலாக ஒரு கட்டம். அவர் தலையை ஆட்டினால் கட்டமும் கூடவே ஆடியது. அதற்கு மேலே புகை மட்டும் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. புகையை மறைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் காலத்துப் போலீஸ் தொடர். மத்தியான நேரத்தில் போட வேறு எதுவும் கிடைக்காமல் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். முன்பு எல்லாவற்றையும் அப்படியே காட்டினார்கள். இப்போது ரத்தம் வந்தால் திரை கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. பாட்டிலைத் தொட்டால் கீழே எச்சரிக்கை ஓடுகிறது. டிவிக்கு வயசான காலத்தில் நல்ல புத்தி வந்துவிட்டது.

இன்றைக்கு லாக்கப் காட்சி. நேற்றே துண்டாகக் காட்டி ஆசை காட்டிவிட்டார்கள்.

ஸ்டேஷன். பெஞ்சு. பெஞ்சு கொள்ளாமல் லுங்கி கட்டிய ஓர் ஆள்.

ஞானப்பிரகாசம். அவள் புருஷன்.

அவளுக்குக் கண் நிறைந்தது. செத்துப்போன மனுஷன் இவ்வளவு அடர்த்தியான முடியோடு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது.

முகத்துக்குப் பஞ்சமில்லை. சுவரில் இருக்கிறது, பர்ஸில் இருக்கிறது. குரல்தான் எங்கேயும் இல்லை. கொஞ்ச நாளாக அது அவள் காதிலிருந்தும் நழுவிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வரும்போது தன் பெயரை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்க்கிறாள். வார்த்தை வருகிறது. குரல் வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

சினிமாவிலும் சீரியலிலும் காலமெல்லாம் அடி வாங்கியே பிழைத்த மனுஷன். வாய் திறந்து பேசக் கிடைத்தது இந்த ஒரு காட்சிதான். சாலிகிராமத்து ஒற்றை அறையில், குக்கர் சத்தத்துக்கு நடுவே, அவளை இன்ஸ்பெக்டராக நிற்க வைத்து நாள் கணக்கில் சொல்லிப் பார்த்தார்.

"நீயும் பொறுக்கி, நானும் பொறுக்கி. நீ காக்கி போட்டுக்கிட்ட, நான் லுங்கி கட்டிக்கிட்டேன்."

புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துக் கீழ் வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்துவிட்டார். வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

ஆள்தான் அந்த உடம்பு. குரல் கீச்சென்று இருக்கும். அந்தக் குரலில் அதைக் கேட்டு அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

ஒளிபரப்பான அன்று காம்பவுண்டே அவர்கள் வீட்டில் இருந்தது. இவர் மட்டும் உட்காராமல் கதவோரம் நின்றார். திரையில் தன் முகம் வந்ததும் முதல் ஆளாகக் கை தட்டினார். விசிலும் அடித்தார். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வசனம் ஒருவர் காதிலும் விழவில்லை.

"சொந்த நடிப்புக்கு இப்படியா கை தட்டுவாங்க?" என்று அன்று ராத்திரி அவள் கேட்டாள். அவர் சிரித்தார்.

இப்போது இன்ஸ்பெக்டர் அறைந்தார்.

ஞானப்பிரகாசம் நிமிர்ந்தார். வாய் திறந்தது.

சத்தம் இல்லை.

ரிமோட்டைத் தட்டினாள். ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். உதடுகள் முழு வசனத்தையும் பேசி முடித்து மூடிக்கொண்டன. உடனே விளம்பரம் வந்து வீட்டைத் தூக்கியது.

கெட்ட வார்த்தை. எடுத்துவிட்டார்கள்.

ஊரில் இவ்வளவு அசிங்கமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது. இந்த ஒரு குரல்தானா யார் காதையோ கெடுத்துவிடப் போகிறது? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் மாடி வீட்டு ரெஜினாவிடம் போனாள். போன வருஷம் குடிவந்தவள். ஞானப்பிரகாசத்தைப் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்துத் தேடினாள். அந்தக் காலத்தில் டேப்பில் பிடித்து வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், எதையும் வெட்டாமல் அப்படியே போட்டிருந்தான்.

இன்ஸ்பெக்டரின் வாயில் சிகரெட் இருந்தது.

அறைந்தார். அவர் நிமிர்ந்தார். வாய் திறந்தது.

"நீயும் பொறுக்கி, நானும் பொறுக்கி..."

கனத்த குரல். அடித்தொண்டையிலிருந்து உருண்டு வந்தது. லாக்கப்பே அதிர்ந்தது.

யாருடையதோ.

"செம வாய்ஸ் ஆன்ட்டி, அங்கிளுக்கு!" என்றாள் ரெஜினா.

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "அவருக்கு நல்ல குரல்."

படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வேறொரு ஆளை டப்பிங் பேச வைத்துவிட்டார்கள் என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கதவோரம் நின்ற மனுஷன். அந்த விசில். கை சிவக்கிற மாதிரி அந்தத் தட்டல்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என்ன, விட்டுவிட்டா போயிருப்பாள்.

மறுநாள் காலையில் அதே பகுதியை மறுபடி போட்டார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒலியை முழுக்கக் குறைத்தாள்.

கட்டம் போட்ட சிகரெட். கன்னத்தில் அறை. அவர் நிமிர்ந்தார்.

உதடுகள் அசைந்தன.

அந்தப் பழைய குக்கர் சத்தத்துக்கு நடுவே, கீச்சென்று, ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குக் கேட்டது. முந்தானை தானாக வாய்க்குப் போனது.

காட்சி முடிந்தது.

ஆளில்லாத வீட்டில் அவள்தான் முதலில் கை தட்டினாள்.