இரண்டு சொட்டு வெள்ளை

கறுப்பரான லூதர் டாட்சன் முப்பத்தோரு வருடம் ஒரு பத்திரிகைக்கு அட்டைப்படம் வரைந்தார். தன் ஜனங்களின் முகத்தை வரைந்து கொண்டுபோகும்போதெல்லாம் ஆசிரியர் சொல்வது ஒன்றுதான்: “ரெண்டு சொட்டு வெள்ளை சேருங்க, லூதர்.” சேர்த்தார்.

அம்மா இறந்தபோது வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை. சவப்பெட்டியருகே வைப்பதற்காக நினைவிலிருந்து வரைந்தார். தங்கை ஒடெஸ்ஸா வெகுநேரம் பார்த்தாள்.

“கண்ணு அம்மாவோடதுதான். ஆனா யாரோ வெள்ளைக்காரிக்கு வச்ச மாதிரி இருக்குண்ணே.”

முகத்தை முழுக்க வழித்தெடுத்துவிட்டு, கிண்ணத்தில் கரும்பழுப்பைப் புதிதாகக் குழைத்தார்.

“இதான்! இதான் அம்மா நெறம். போதும்ணே” என்று ஒடெஸ்ஸா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள், கிண்ணத்தில் முதல் சொட்டு விழுந்துவிட்டது. அவளுடைய இரண்டு கைகளுக்குள்ளும் அந்தக் கை, அடுத்த சொட்டுக்காக இழுத்துக்கொண்டிருந்தது.